ரெண்டு முழம் பூவும் நாலு டயரும்

1

குணா மாமா, எங்கள் வண்டியின் டயர் வெடித்ததற்குக் காரணம் நீங்கள்தான். பழியை என் மேல் போட்டுவிட்டு மூன்று மாதமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நாமக்கல் பத்திரிகையில் இதைப் படிப்பவர்களுக்கு ஆளைச் சொல்லிவிடுகிறேன். குணா மாமா என் கணவர் சிவாவின் அண்ணன். மலேசியாவில், மலாக்காவின் புக்கிட் ரம்பாயில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வரிசை தள்ளி அவர் வீடு. நான் கல்யாணமாகி இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு எழுதிய குறிப்புகளில் இங்கத்து மழையைப் பற்றி எழுதினேன், தைப்பூசத்தைப் பற்றி எழுதினேன், கேன்டீன் வேலையைப் பற்றி எழுதினேன். யாரையும் குறை சொன்னதில்லை. இந்த முறை சொல்லப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிடப் போனோம். பதினாலு பேர். மீன் வரத் தாமதம். குணா மாமாவுக்குப் பொழுது போகவில்லை. மேசையின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டார்.

"செல்வி, பூ இருக்காம்மா?"

அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல், என் குரல் மாதிரியே, என் ஊர் இழுப்போடு சொன்னது:

"இருக்குதுங்க மாமா, ரெண்டு மொழம்!"

சொன்னது என் மகள் தர்ஷினி. பதினெட்டு வயது. மேசையே குலுங்கியது. ஒருவர் தண்ணீரைச் சிந்திவிட்டார். சிவாவும் சிரித்தார். நான் நண்டை உடைத்துக்கொண்டிருந்தேன். உடைத்துக்கொண்டே இருந்தேன்.

மற்றவர்கள் சிரிப்பது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்தச் சிரிப்புக்கு அடியில் மூன்று பழைய டயர்கள் இருக்கின்றன. அடுத்த மாதம் அந்த மூன்று டயர்களின் மேல் உட்கார்ந்துதான் என் மகள் வடக்கே கெடா வரை கல்லூரிக்குப் போக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

2

டயரைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் நாமக்கல்லில் டயர் ரீட்ரெடிங் கம்பெனியில் பில் எழுதினேன். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நம் ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டு. வருகிற ஒவ்வொரு டயரின் எண்ணையும் நோட்டில் ஏற்றுவது என் வேலை. கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். அந்த டயர் பிறந்த நேரம் அது. இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஆறு வருடம் எழுதினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

நம் ஊரில் டயரின் மேல் உள்ள வரிக்குப் பட்டன் என்று பெயர். "பட்டன் போயிருச்சுங்க" என்றால் டயர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் இங்கே வந்த முதல் வருடம் ஒரு டயர் கடையில் காரைக் காட்டி, "அண்ணே, பட்டன் நல்லா இருக்குதான்னு பாருங்க" என்றேன். அவர் கதவைத் திறந்து உட்கார்ந்து, நாலு கண்ணாடியையும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஓகேதான் லா தங்கச்சி" என்றார், இங்கத்துப் பேச்சின் வாலான அந்த லாவோடு. சிவா இரண்டு நாள் சிரித்தார். நானும் சிரித்தேன். அது நல்ல சிரிப்பு.

இங்கே அந்தப் பட்டனுக்குப் பெயர் பூ. மலாய்க்காரர்கள் டயரின் வரியைப் பூ என்றுதான் சொல்வார்கள். நம் ஆட்கள் அதை அப்படியே தமிழாக்கிக்கொண்டார்கள். "பூ முடிஞ்சிருச்சு, காடிய எடுக்காத" என்பார்கள். காடி என்றால் கார். இதெல்லாம் எனக்கு வந்த ஆறாம் மாதமே தெரியும். தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வடக்கே லோடு ஏற்றிப் போகும் டிரைவர்கள் கிளம்புவதற்கு முன் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு லாரியைச் சுற்றி வருவார்கள். பத்து டயரையும் தட்டுவார்கள். சத்தத்தைக் கேட்டே எதில் காற்று குறைவு என்று சொல்வார்கள். உள் டயரைக் குனிந்து பார்ப்பார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கற்பூரமும் எலுமிச்சம்பழமும். இங்கே எங்கள் குடும்பத்தில் எலுமிச்சம்பழம் முதலில் வருகிறது. டயரைப் பார்க்கிற வேலை குணா மாமாவுக்கு. அவர் பார்த்தால் வேறு யாரும் பார்க்கக் கூடாது.

3

இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் ஒரு பழைய ஏழு பேர் வண்டி வாங்கினோம். அதற்கு நாலு டயரும் குணா மாமா கொடுத்தார். அவருடைய பழைய காரிலிருந்து கழற்றித் தகரக் கொட்டகையில் வைத்திருந்தவை. வண்டியை அவரே எடுத்துப்போய்த் தெரிந்த கடையில் மாட்டிக்கொண்டு வந்தார். டயர் நாலும் கறுப்பு மை தடவிப் பளபளவென்று இருந்தன.

"பூவ பாரு. நகமே முழுசா எறங்குது. இத போய் தூக்கிப் போடவா? நாங்கெல்லாம் எஸ்டேட்டுல கிழிஞ்ச சட்டைய திருப்பித் தச்சு போட்டவங்க."

பூ இருந்தது உண்மை. நானும் நகத்தை வைத்துப் பார்த்தேன். பிறகு பழக்கத்தில் நாலு எண்ணைத் தேடினேன். நாலு டயரிலும் வெளிப்பக்கம் தேதி இல்லை. பல டயர்களில் தேதி ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருந்தார்கள். அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்றும் சொல்கிறேன், என் தவறை மறைக்க மாட்டேன். வந்த புதிதில் என் விசா புதுப்பிக்க ஒவ்வொரு வருடமும் குடிநுழைவு அலுவலகத்தில் நிற்க வேண்டும். சிவாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்காது. குணா மாமாதான் வருவார். அவர் மலாய் பேசினால் கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரு முறை என் விண்ணப்பத்தில் அப்பா பெயரும் என் பெயரும் இடம் மாறி, நான் இரண்டு மாதம் என் அப்பாவாக இருந்தேன். அதை ஏழு தடவை அலைந்து மாற்றிக்கொடுத்தது அவர்தான். நிரந்தர வசிப்பு மனுவோடு வைத்த ஆதரவுக் கடிதமும் அவர் எழுதியது. அப்படிப்பட்ட மனிதர் டயர் கொடுக்கும்போது எந்த வருடத்து டயர் என்று எப்படிக் கேட்பது? வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் கெடாவில் சுங்கை பட்டாணிக்கு ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போக இருந்தோம். கிளம்ப ஒரு வாரம் முன்பு டயரின் ஓரத்தில் வெடிப்பு ஓடுவதைப் பார்த்தேன். காய்ந்த உதட்டில் விழும் கோடு மாதிரி மெல்லிய வெடிப்பு. சிவாவிடம் சொன்னேன்.

"ஏங்க, ஓரமெல்லாம் வெடிச்சிருக்குது. சுங்கை பட்டாணி வரைக்கும் தாங்காதுங்க."

"அண்ணன் பாத்துட்டாரு."

"அண்ணன் பூவத்தான் பாத்தாரு. ரப்பர் செத்துப்போச்சுங்க."

"அவரு குடுத்தத கழட்டிப் போட்டா அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது? கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பாப்போம்."

மறு வெள்ளிக்கிழமை மாலை. காலையில், வண்டி சூடாகும் முன்பே, காற்று அளந்துவிட்டேன். ரேடியேட்டர் தண்ணீர், வைப்பர், மாற்று டயர், ஜாக்கி எல்லாம் பார்த்துவிட்டேன். மாலையில் சமையலறையில் உட்கார்ந்து வண்டிக்குப் போடுவதற்கு மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியலில் பூஜை போட்டுக் கிளம்ப வேண்டும். வாசலில் குணா மாமா வந்து வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"செல்வி, பூ இருக்காம்மா?"

கையில் சரம். "இருக்குதுங்க மாமா, ரெண்டு மொழம்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அப்போதே சிரித்தார். பிறகு முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "அப்ப சரி லா, காலைல அஞ்சு மணிக்கு" என்று சொல்லிப் போய்விட்டார்.

4

சனிக்கிழமை விடியலில் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பினோம். குணா மாமா குடும்பம் அவர் காரில் முன்னால். எங்கள் வண்டியை நான் ஓட்டினேன். சிவா இரவு வேலை முடிந்து வந்தவர், பக்கத்தில் தூங்கினார். பின்னால் தர்ஷினி காதில் பாட்டு மாட்டியிருந்தாள். பதினொரு வயது மகன் கவின் அவள் பக்கத்தில்.

வடக்கு நெடுஞ்சாலையில் தாப்பா ஊரைத் தாண்டியதும் வண்டியின் அடியில் டபடபவென்று ஒரு சத்தம். யாரோ செருப்பால் தகரத்தை அடிப்பது மாதிரி. எனக்குத் தெரியும் அது என்னவென்று. பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தேன். அதற்குள் பின் இடது டயர் வெடித்துவிட்டது. வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை வலப்பக்கம் வீசியது, அடுத்து இடப்பக்கம். பின்னால் வந்த லாரியின் ஹாரன் என் முதுகுக்குள் கேட்டது. ஓரத்து இரும்புத் தடுப்பில் உரசி, இரண்டடி தள்ளி நின்றோம்.

கவின் அப்போதுதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எஃகு பாட்டில். முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

சிவா தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கப் போனார். பிள்ளைகளைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏற்றச் சொன்னேன். பிறகு திரும்பி ரோட்டைப் பார்த்தேன். டயரின் பூ அப்படியே, ஒரு வரி கூட அழியாமல், வளையமாக உரிந்து ரோட்டில் கிடந்தது. மாலை கழற்றிப் போட்ட மாதிரி. நாமக்கல்லில் பில் எழுதியவளுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. தேய்ந்த டயர் அப்படி உரியாது. வயதான டயர்தான் உரியும்.

குணா மாமா அடுத்த வழியில் திரும்பி வந்து சேர்ந்தார். தடுப்பு சேதமானதால் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுத வேண்டும் என்றார்கள். அவரே கூட வந்தார், அவரே பேசினார். எழுதிய அதிகாரி மரியாதையான இளம்பெண். தட்டச்சு செய்து முடித்துத் திரையை என் பக்கம் திருப்பி, "பஹாம், காக்கா?" என்றாள். புரிந்ததா அக்கா என்று கேட்டாள்.

"பஹாம்" என்றேன்.

பத்தொன்பது வருடமாக எல்லாக் கவுண்டரிலும் நான் சொன்ன முதல் சொல் அதுதான். புரிந்தாலும் அதுதான், புரியாவிட்டாலும் அதுதான். கையெழுத்துப் போட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து தர்ஷினியைப் படிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. டயரின் பூவைத் தானே சோதித்ததாகவும் நல்ல நிலையில் இருந்ததாகவும் ஓட்டுநர் சொன்னார் என்று எழுதியிருக்கிறது.

நான் சோதித்தது என்னவென்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

5

அன்று சாயங்காலமே குடும்பக் குழுவில் குணா மாமாவின் குரல் பதிவு வந்தது. அறுபத்திரண்டு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு. எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"எல்லாம் சாமி புண்ணியத்துல தப்பிச்சாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் பூ இருக்கான்னு கேட்டேன். நம்ம நாமக்கல் டயர் இஞ்சினியர் என்னா சொல்லிச்சு தெரியுமா? இருக்குதுங்க மாமா, ரெண்டு மொழம்! மல்லிகப்பூ லா! இப்படி ஆளுகிட்ட ஸ்டீரிங்க குடுத்தா எலுமிச்சம்பழம் என்னா செய்யும்?"

சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. அன்றிலிருந்து இது குடும்பத்தின் கதை ஆகிவிட்டது. நல்ல கதைதான், நானே ஒத்துக்கொள்கிறேன். வேறு யாருக்கு நடந்திருந்தாலும் நானும் சொல்லிச் சிரித்திருப்பேன். கதை நன்றாக இருப்பதால் டயர் எப்போது செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெடித்ததற்குப் பதில் மாற்று டயரோடு வண்டி பழுது பார்த்து வந்ததும் சாவியை எடுக்கப் போனேன். ஆணியில் இல்லை. சிவாவின் கால்சட்டைப் பையில் இருந்தது.

"கொஞ்ச நாளைக்கு நீ ஓட்ட வேணாம்னு அண்ணன் சொல்றாரு."

"கொஞ்ச நாள்னா எத்தன நாளுங்க?"

மூன்று மாதம் ஆகிறது. ஆயர் குரோவில் கேன்டீன் வேலைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறேன். மழை நாளில் நனைந்து போய் நனைந்த துணியோடு சோறு போடுகிறேன். இரண்டு தடவை தோற்று, மலாயில் பரீட்சை எழுதி வாங்கிய லைசன்ஸ் பையில் இருக்கிறது. அந்த வண்டியை ரோட்டில் கவிழாமல் நிறுத்தியவள் நான் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

உம்பாயிலிருந்து வந்த மறுநாள் காலை எனக்குப் பொறுக்கவில்லை. வெடித்த டயர் வண்டியின் பின்பக்கத்திலேயே கிடந்தது. அதைக் கீழே உருட்டி, ஈரத்துணியால் உள்பக்கத்தைத் துடைத்தேன். ஓரம் கிழியாமல் இருந்த இடத்தில் நாலு எண் இருந்தது. அடுத்து முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

தர்ஷினி பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தாள்.

"மா, என்னா செய்யிற? நெய்பர்ஸ் பாக்குறாங்க லா."

"கண்ணாடில எழுத்து திரும்பித் தெரியுது. நீ படி."

"டிராமா பண்ணாத மா."

"படுத்துப் படி."

படுத்தாள். கைபேசி விளக்கைக் காட்டிப் படித்தாள். ஒரு டயர், அடுத்த டயர், அடுத்தது. நான் சுவரில் கரியால் எழுதினேன். மூன்று எண்ணும் வெடித்ததன் எண்ணும் ஒன்றுதான்.

"இது என்னா நம்பர் மா?"

"மொத ரெண்டு வாரம். கடைசி ரெண்டு வருசம்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயில் பற்பசை நுரை. "மா. இது தம்பி பொறக்குறதுக்கு முன்னாடி."

ஆமாம். அந்த டயர் என் மகனுக்கு அண்ணன். மூன்று அண்ணன்மார் இன்னும் எங்கள் வண்டியில் ஓடுகிறார்கள். அவள் சாரி சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகள் அப்படியெல்லாம் சொல்லாது. உள்ளே போய் அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

6

சிவா பார்த்தார். நாலு முறை பார்த்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், போட்டார். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"அது ஸ்டாக் நம்பர் லா சிவா. கடையில வைக்கிறதுக்குப் போடுற நம்பர். தேதியெல்லாம் இல்ல."

"செல்வி வருசம்னு சொல்லுது அண்ணே."

"நான் பத்து வயசுல பால்மரம் வெட்டுனவன். எனக்கு ரப்பர பத்தி பில்லு எழுதுன பொண்ணு சொல்லித் தருதா? பூ இருக்கா இல்லியா? இருக்குல்ல? அப்ப ஓட்டு."

சிவா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணன் ஸ்டாக் நம்பர்ங்கிறாரு" என்றார். அதை நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. நம்பாமல் இருக்க அவருக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கே பிரகாஷுக்குப் போன் செய்தேன். பிரகாஷ் சிவாவின் அக்கா மகன். புக்கிட் பெருவாங்கில் டயர் கடை வைத்திருக்கிறான். அவனும் அந்தக் குழுவில் இருக்கிறான். அவனும் அன்று சிரிக்கும் முகம் போட்டவன்தான்.

"தேதிதான் அத்த. யாருக்குத்தான் தெரியாது?"

"அத குழுவுல சொல்லு சாமி."

"என்னைய இதுல இழுக்காதீங்க அத்த. பெரிய மாமாதான் என் கடை லைசென்சுக்கு அலைஞ்சவரு."

பாருங்கள். இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் குணா மாமா எங்காவது ஒரு கவுண்டரில் நின்றிருக்கிறார். அதற்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவர் கொடுத்த டயரில் ஓட வேண்டுமா?

நானே புது டயர் வாங்கி மாட்டலாம். சாவி என்னிடம் இல்லை. சாவி வைத்திருப்பவர் அண்ணன் சொன்னால் மாற்றுவார், சொல்லாவிட்டால் மாற்ற மாட்டார். அடுத்த மாதம் தர்ஷினிக்குக் கெடாவில் கல்லூரி திறக்கிறது. அதே வடக்கு நெடுஞ்சாலை. அதே தாப்பா. சிவா ஓட்டுவார். அவர் இதுவரை ஓடுகிற வண்டியில் டயர் வெடித்துப் பார்த்ததில்லை. பயத்தில் பிரேக்கை மிதித்துவிடுவார். நான் தூங்கி நாலு நாள் ஆகிறது.

குணா மாமா, இந்தக் குறிப்பு நாமக்கல்லில் அச்சாகும் அன்றே குழுவில் போடுவேன். தர்ஷினி போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நீங்கள் எனக்குச் செய்த உதவி எதையும் நான் மறக்கவில்லை. என் அப்பா பெயரை எனக்கு மீட்டுக்கொடுத்தவர் நீங்கள். அதனால்தான் மூன்று மாதம் உங்கள் சிரிப்பைப் பொறுத்தேன். இனி இரண்டு விஷயத்துக்குப் பதில் வேண்டும்.

ரெண்டு முழம் என்று நான் சொன்னபோது உங்களுக்குப் புரிந்தது. உலகத்தில் எந்த டயரின் பூவை முழத்தில் அளப்பார்கள்? புரிந்ததால்தான் சிரித்தீர்கள். டயர் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பூவைப் பற்றி சமையலறையில் இருந்தவளிடம் எதற்குக் கேட்டீர்கள்? நாலு டயரின் தேதியும் உள்பக்கம் போனது எப்படி? ஒன்று தற்செயல் என்றால் ஒத்துக்கொள்கிறேன். நாலுமா? கடைக்காரர் செய்தது என்றால் அதையாவது சொல்லுங்கள்.

வெடித்த டயர் எங்கள் வாசலில் நிற்கிறது. தேதி உள்ள பக்கம் ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்து, எண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறேன். காலையில் நடைக்குப் போகும்போது நின்று பாருங்கள். போனை எடுங்கள். என் பூவைச் சொல்லிச் சிரித்த அதே குழுவில், அதே குரலில், அந்த நாலு எண்ணையும் வாசித்துவிட்டு, அது ஸ்டாக் நம்பர் என்று சொல்லுங்கள். பிரகாஷ் கேட்டுக்கொண்டிருப்பான். அறுபத்திரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படிச் சொல்ல வாய் வராவிட்டால், "சிவா, டயர மாத்து, சாவிய செல்விகிட்ட குடு" என்று சொல்லுங்கள். தர்ஷினி பெட்டி கட்டுவதற்குள் சொல்லுங்கள்.